வேதமும் வெண்பஞ்சும்

திருப்பூரில் வரலாறு கற்பிப்பது எளிதன்று, தோழர்களே! ஏட்டிலே உள்ளதை எடுத்துரைத்துவிட்டு, மணி அடித்ததும் எழுந்து போய்விடலாம் என்று எண்ணும் ஆசிரியன் இங்கே ஏமாந்துதான் போவான். மாணவர்கள் தங்கள் வீட்டில் நடப்பதை வகுப்பறைக்குக் கொண்டுவந்து, நம் முன் வைத்து, விளக்கம் கேட்பார்கள்.

2025-ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்களின் இறுதி. உலகப் படத்தை விரித்து, இது ரஷ்யா, இது உக்ரைன் என்று கோல் கொண்டு காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்தாள். "அங்கே சண்டை நடந்தால், இங்கே எங்கள் அக்காவுக்கு ஏன் சம்பளம் குறைய வேண்டும், ஐயா?" என்று கேட்டாள். அவளுடைய அக்காள் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் எந்திரத்தில் தைப்பவள். அதுவரை ஒன்றரை ஷிப்டு ஓடிய வேலை, அந்த வாரம் ஒரு ஷிப்டாகச் சுருங்கிவிட்டது. சனிக்கிழமைச் சம்பளமும் சுருங்கிவிட்டது.

அவள் கேட்டதிலே பிழை எதுவும் இல்லை. அந்த ஆகஸ்டு 7-ஆம் நாள், இந்தியச் சரக்குகள் மீது நூற்றுக்கு 25 என்று வரி விதித்தது அமெரிக்க அரசு. 27-ஆம் நாள் அதன் மேல் இன்னும் ஒரு 25 ஏற்றிற்று. இரண்டாவதாக ஏறிய வரிக்குக் கூறப்பட்ட காரணம், ரஷ்யாவிடம் இந்தியா எண்ணெய் வாங்குகிறது என்பது. போர் தொடுத்தவர் மாஸ்கோவில் இருக்கிறார். எண்ணெய் வாங்கியோர் வேறிடத்தில் இருக்கின்றனர். தண்டம் விதித்தவரோ வாஷிங்டனில்! தண்டத்தைச் செலுத்தியவள் யார்? திருப்பூரிலே தையல் எந்திரத்தின் முன் குனிந்திருந்த பெண்!

அந்தப் போருக்கு வாழ்த்துரை வழங்கியவர்களும் இருந்தனர். 2022 மார்ச்சுத் திங்களில், ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைவர் கிரில், அப்போருக்கு ஆன்மிகப் பொருள் கற்பித்து அருளுரை ஆற்றினார். அதே ஆண்டு செப்டம்பரில், படைக்கடமையில் மாள்வோரின் பாவங்கள் யாவும் கழுவப்படும் என்று உறுதி கூறினார். எதிர்ப்புறம் நின்றவர்கள் யார்? வேற்று மதத்தாரா? இல்லை! அதே சிலுவை, அதே வேதம், அதே வழிபாடு! மாஸ்கோவோடு அதுவரை இணைந்திருந்த உக்ரைன் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை, 2022 மே 27-இல் போரைக் கண்டித்து, மாஸ்கோவின் பிடியிலிருந்து தான் விலகியதாக அறிவித்தது. ரஷ்யாவிலேயே குருமார்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டோர், போரை நிறுத்துக என்று ஒப்பமிட்டனர். ஒரே வேதம், ஒரே ஆண்டு, ஒரே போர். தீர்ப்புகள் மட்டும் இரண்டு!

உலக அரசியல் என்னும் நீதிமன்றத்தில் மதம் சான்று சொல்ல வரும்போது, அது யார் பக்கம் நிற்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் ஊரின் பிழைப்பாக இருக்கிறதே பஞ்சு, அதன் வரலாற்றைப் புரட்டினாலே போதும்.

இரு தரப்புக்கும் ஒரே ஏடு

1793-இல் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் எந்திரத்தை எலி விட்னி என்னும் அமெரிக்கர் அமைத்தார். வேலையை எளிதாக்க வந்த எந்திரம் அது. ஆனால், விளைந்தது என்ன? கொட்டை பிரிப்பது விரைவாயிற்று. ஆகவே மேலும் மேலும் பருத்தி பயிரிடப்பட்டது. பருத்தி பெருகவே, அதைப் பறிப்பதற்கு மேலும் மேலும் அடிமைகள் தேவைப்பட்டனர். 1860-இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏறத்தாழ நாற்பது லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தனர். அவர்கள் பறித்த பஞ்சுதான் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளிலே நூலாயிற்று, துணியாயிற்று, உலகெங்கும் விலைபோயிற்று.

மனிதனை மனிதன் சந்தையிலே நிறுத்தி, பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசிய அந்தக் கொடுமைக்கு வேதத்திலிருந்து ஆதாரம் காட்டினர் பண்ணை முதலாளிகளின் போதகர்கள். நோவா தன் பேரன் கானானைச் சபித்த கதையை எடுத்துக்காட்டினர். ஓடிப்போன அடிமை ஒனேசிமுவைப் பவுல் மீண்டும் அவன் தலைவனிடமே அனுப்பிவைத்ததை எடுத்துக்காட்டினர். அடிமை வைத்திருப்பவன் மேற்றிராணியார் ஆகலாமா, சமயத் தூதன் ஆகலாமா என்று பெரும் பூசல் எழுந்தது. அந்தப் பூசலிலே, 1844, 1845 ஆகிய ஆண்டுகளில் மெதடிஸ்டுகளும் பாப்டிஸ்டுகளும் வடக்கு என்றும் தெற்கு என்றும் இரண்டாகப் பிளந்தனர். அவ்வாறு தோன்றிய தென்னக பாப்டிஸ்டு பேரவை, அடிமை முறைக்குத் துணைநின்ற தன் குற்றத்துக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது எப்போது? 1995-இல்! இடையிலே கழிந்தவை நூற்றைம்பது ஆண்டுகள். அடிமையாகப் பிறந்து அடிமையாகவே மடிந்தவர் எவரும் அந்த மன்னிப்பைக் கேட்க உயிரோடு இல்லை.

இதைக் கொண்டு, மதம் என்றாலே கொடுமையின் துணைவன் என்று நாம் முடித்துவிடலாமா? கூடாது, தோழர்களே! பகுத்தறிவாளன் தனக்கு வசதியான சான்றை மட்டும் பொறுக்கி எடுப்பவன் ஆகமாட்டான். 1688-இலேயே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர் நால்வர், அடிமை வாணிபம் அறமன்று என்று எழுதிக் கையொப்பமிட்டனர். அவர்கள் நம்பியதும் அதே வேதத்தைத்தான். எனினும், பிலடெல்பியாக் குவேக்கர் சபை தன் உறுப்பினர் எவரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று விதித்தது 1776-இல். நால்வரின் குரல் சபையின் சட்டமாக மாறுவதற்கு 88 ஆண்டுகள் ஆயின!

அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, தானே கற்று, தன் வரலாற்றைத் தானே எழுதினார் பிரெடரிக் டக்ளஸ். 1845-இல் வெளிவந்த அந்த நூலில், அடிமை முதலாளிகளின் கிறித்தவம் வேறு, ஏசுவின் கிறித்தவம் வேறு என்று பிரித்துக் காட்டினார். சவுக்கை எடுத்தவனும் வேதம் படித்தான். சவுக்கடி பட்டவனும் வேதம் படித்தான். இருவரும் ஒரே நூலைத்தான் படித்தனர். ஆனால் படித்த இடம் வேறு. டக்ளசின் சொல்லுக்கு எடை கூடியது எதனால்? தழும்பு அவர் முதுகில் இருந்தது, அதனால்!

1865 மார்ச்சு 4-இல் இரண்டாம் முறை குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்ற ஆபிரகாம் லிங்கன், போரிடும் இரு தரப்பாரும் ஒரே வேதத்தைப் படித்து, ஒரே கடவுளிடம் வேண்டி, ஒருவரை எதிர்த்து மற்றவர் அவன் துணையை நாடுகின்றனர் என்று குறிப்பிட்டார். நான்காண்டு உள்நாட்டுப் போரின் குருதியைக் கண்ட மனிதரின் சொல் அது. மதம் எழுப்பிய கோயில்களைவிட இந்த உண்மை பெரியது. அழைத்தவர் பக்கம் சான்று சொல்லும் இயல்பு மதத்துக்கு உண்டு. ஆகவே, வழக்கு எது என்பதை வேறொரு அளவுகோலால்தான் நாம் அளந்தாக வேண்டும்.

லங்காஷயரின் பட்டினி

அந்த அளவுகோல் எது? அதைக் காட்டியவர்கள் அரசர்களும் அல்லர், ஆயர்களும் அல்லர், ஆலைத் தொழிலாளர்கள்.

1861-இல் போர் மூண்டதும், வட மாநிலங்களின் கப்பற்படை தென்னகத் துறைமுகங்களை முற்றுகையிட்டது. பஞ்சு வரவில்லை. லங்காஷயர் ஆலைகள் அடைக்கப்பட்டன. 1862-இன் இறுதியில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் உதவிக் கஞ்சியை எதிர்பார்த்து நின்றனர். முற்றுகையை உடைத்துப் பஞ்சைக் கொண்டுவருக, தென்னகத்தாரைத் தனி நாட்டவராக ஏற்பீர் என்று சில வணிகர்களும் ஏடுகளும் கூக்குரலிட்டனர். தொழிலாளரிலும் சிலர் அதற்குத் தலையசைத்ததுண்டு, பசி கொடிது!

ஆனால், 1862 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, மான்செஸ்டர் நகரின் சுதந்திர வாணிப மண்டபத்தில் கூடிய தொழிலாளர்கள், அடிமை ஒழிப்புக்குத் தங்கள் ஆதரவைத் தெரிவித்து லிங்கனுக்கு மடல் விடுத்தனர். பெரும்பாலோருக்கு அன்று வாக்குரிமை கிடையாது. 1867-க்குப் பிறகுதான் நகரத் தொழிலாளரில் பலருக்கு அது கிட்டிற்று. வயிறு காய்ந்திருந்தது, வாக்குச் சீட்டும் இல்லை. கடலுக்கு அப்பால், முன்பின் கண்டறியாத, வேறு நிறத்து மக்களின் விலங்கு ஒடியட்டும் என்பதற்காகத் தங்கள் பசியைப் பொறுத்துக்கொள்ளத் துணிந்தனர்! 1863 ஜனவரி 19-இல் லிங்கன் அவர்களுக்கு எழுதிய நன்றி மடல் வரலாற்றில் நிலைத்துவிட்டது. இன்றும் மான்செஸ்டரில் லிங்கன் சிலை நிற்கிறது.

அதே பஞ்சத்தின் மறுபக்கம் நம் நாட்டிலே எப்படி இருந்தது? அமெரிக்கப் பஞ்சு நின்றதும் இந்தியப் பஞ்சின் விலை ஏறிற்று. பம்பாய் வணிகர் கொழித்தனர். 1865-இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது; வணிக நிலையங்கள் சாய்ந்தன. 1860-களின் தொடக்கத்தில் கொங்கு நாட்டை ஊடுருவிய இருப்புப்பாதை, நம் கரிசல் காட்டுப் பருத்தியையும் உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்தோடு பிணைத்துவிட்டது. எங்கோ மூண்ட போர் இங்கே உழவன் வீட்டு அடுப்பை ஆட்டிவைப்பது 2025-இல் தொடங்கிய புதுமை அன்று.

துணிக்கு அரசியல் உண்டு என்பதைத் திருப்பூர் பிறருக்கே சொல்லித் தரும். கதர் இயக்கத்தின் பெருநிலையமாக விளங்கிய ஊர் இது. 1932 ஜனவரி 10-இல் கொடி ஏந்தி ஊர்வலம் வந்து, காவலரின் தடியடிக்கு ஆளாகி, மறுநாள் உயிர்நீத்த குமரனின் ஊர் இது. அதற்குச் சில திங்கள் முன்னர், 1931 செப்டம்பரில், காந்தியார் லங்காஷயரின் டார்வென் பகுதிக்குச் சென்று, தம் இயக்கத்தால் வேலை இழந்த ஆலைத் தொழிலாளரை நேரிலே சந்தித்தார். அந்நியத் துணியைப் புறக்கணித்தவர், அதனால் துயருற்றோரின் முகத்தைப் பார்த்துப் பேசும் துணிவும் கொண்டிருந்தார். நம் செயலால் யார் வருந்துகிறார்களோ அவர்கள் வாய் திறந்து பேசுவதைக் கேட்பது, அறத்தின் முதற்படி என்பேன்.

மாங்கல்யம் என்ற பெயரால்

பழங்கதை போதும், நம் கொல்லைப்புறத்துக்கு வருவோம்.

லங்காஷயர் ஓய்ந்தது, திருப்பூர் எழுந்தது. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து நின்றனர் நம் பனியன் தொழிலாளர். அதன்பின் ஏற்றுமதி பெருகப் பெருக, நூற்பாலைகளும் பெருகின. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் ஆலைகள் பலவற்றில் ஒரு திட்டம் பரவிற்று. பெயர்களைக் கேளுங்கள்: சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம்! எவ்வளவு மங்களம் பொங்கும் பெயர்கள்!

திட்டம் இதுதான். ஊர் ஊராகச் சென்ற தரகர்கள், வறண்ட சிற்றூர்களில் வாடிய பெற்றோரிடம் பெண்ணை அனுப்பச் சொல்லினர். பெண் மூன்று ஆண்டுகள் ஆலை விடுதியிலே தங்கி உழைக்க வேண்டும். மாதந்தோறும் கொடுப்பது சிறு தொகை. மூன்றாண்டு முடிவில், திருமணச் செலவுக்கென்று மொத்தமாக முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று ஒரு தொகை. நோயுற்றோ மனமுடைந்தோ இடையிலே திரும்பியவர்களில் பலருக்கு அந்தத் தொகை கிட்டவில்லை. வெளியே போகத் தடை, வீட்டாருடன் பேசக் கட்டுப்பாடு, இரவு வேலை. வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஏழைப் பெண்கள்.

அவள் கையிலே கடைசியில் கொடுக்கப்பட்ட தொகை யாருடையது? அவளுடைய கூலி! மாதந்தோறும் சேரவேண்டியதைப் பிடித்து வைத்து, மூன்றாண்டு கழித்துப் பரிசு என்று நீட்டினர். வரதட்சணை 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்தையே தூண்டிலாக்கி, அதில் தாலிக்கயிற்றைக் கோத்து வீசினர். கூலியைக் குறைத்துக் கொடுக்கிறோம் என்று சொல்லியிருந்தால் பெற்றோர் சினந்திருப்பர். சுமங்கலி ஆக்குகிறோம் என்று சொன்னபோது கைகூப்பினர். கொடுமை தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மங்களப் பெயர் சூட்டிக்கொண்டு வருகிறது. அடிமைப் பண்ணையில் நோவாவின் சாபம் செய்த வேலையை, இங்கே மாங்கல்யம் செய்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்கிறது. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1982-இல், தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கிலே, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசியின் நெருக்கடியும் ஒரு விலங்கே என்பது அதன் கருத்து. இவ்வளவு இருந்தும் திட்டம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. இங்குள்ள தொண்டர்களும் சங்கங்களும் கத்திய கத்து, 2011 மே திங்களில் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு ஓர் அறிக்கையை வெளியிட்ட பிறகே உலகின் பெரிய ஆடை வணிகர் காதிலே ஏறிற்று. நம் பெண்ணின் அழுகுரல் ஐரோப்பா போய்த் திரும்பினால்தான் நம் ஊரிலேயே கேட்கும் என்றால், அது யாருக்கு இழுக்கு?

கருணையா, உரிமையா?

பெரிய வணிக நிறுவனங்கள் அறநெறிக் கோவைகளை அச்சிட்டன. ஆலைகளுக்குத் தணிக்கையாளரை அனுப்பின. அவற்றின் வலிமை 2013 ஏப்ரல் 24-இல் உலகுக்குத் தெரிந்தது. வங்க தேசத்தில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். அங்கிருந்த ஆலைகளில் சில முன்பே தணிக்கை செய்யப்பட்டவை! அதன் பிறகுதான், மே திங்களில், தொழிற்சங்கங்களும் வணிக நிறுவனங்களும் கையொப்பமிட்டு, சட்டத்தால் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டனர். அறவுரையிலிருந்து ஒப்பந்தத்துக்கு உலகம் ஓர் அடி எடுத்து வைத்தது. அதற்கு அத்தனை உயிர்கள் விலையாயின.

நம் மாநிலத்திலும் அப்படி ஒன்று நிகழ்ந்தது. 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தின் ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் உழைத்த தலித் இளம்பெண் ஒருத்தி கொலையுண்டாள். மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். பெண்கள் தலைமையில், பெரும்பாலும் தலித் பெண்களைக் கொண்டு இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நீதி கேட்டு எழுந்தது. ஆசியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொழிலாளர் உரிமை அமைப்புகள் தோள்கொடுத்தன. 2022 ஏப்ரலில் பிறந்தது திண்டுக்கல் உடன்படிக்கை. ஆலை நிறுவனமும், எச் அண்டு எம் முதலிய உலக வணிக நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. பாலினத்தின் பெயராலும் சாதியின் பெயராலும் எவரும் துன்புறுத்தப்படலாகாது. தொழிலாளருக்குள்ளிருந்தே பயிற்சி பெற்ற பெண்கள் கண்காணிப்பர். முறையிட்டவரைப் பழிவாங்கக் கூடாது. மீறினால் ஆலை தன் வாணிபத்தில் விளைவைச் சந்திக்கும் என்றெல்லாம் அதில் எழுதப்பட்டது. 2019-இல் ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டு ஆடைத் தொழிலாளப் பெண்கள் இத்தகைய ஒப்பந்தத்துக்கு முன்மாதிரி காட்டியிருந்தனர். லெசோத்தோவும் திண்டுக்கல்லும் வாஷிங்டனுக்கும் ஜெனீவாவுக்கும் அறம் கற்பித்தன!

ஓர் ஆலை, ஓர் உடன்படிக்கை. இதனால் உலகம் திருந்திவிட்டதென்று நான் கூறவில்லை. ஆனால், இதில் உள்ள புதுமையைக் கவனியுங்கள். சாபமோ வரமோ, அருளுரையோ அறநெறிக் கோவையோ, எல்லாம் மேலிருந்து கீழே வருபவை. எடுத்தவர் மனம் மாறினால் எடுத்துக்கொண்டு போய்விடலாம். இந்த உடன்படிக்கையோ கீழிருந்து எழுந்தது. அடிபட்டவள் மேசையின் மறுபுறம் உட்கார்ந்து, பேசி, எழுதி, ஒப்பமிட்டாள். அவளுடைய வேண்டுதல் வழக்காயிற்று, வழக்கு உரிமையாயிற்று.

மறுநாள் அந்த மாணவிக்கு விடை கூறினேன். "உன் அக்காள் வாரச் சம்பளத்தைப் பற்றி முடிவெடுத்த அவையில், உன் அக்காளுக்கு இருக்கை இல்லை. அதனால்தான் குறைந்தது" என்றேன். அவள் சற்று நேரம் எண்ணிப் பார்த்தாள். "யார் போட வேண்டும், ஐயா, அந்த இருக்கையை?" என்றாள்.

இளைஞர்காள்! மதத்தின் பெயராலோ, நாட்டின் பெயராலோ, நாகரிகத்தின் பெயராலோ எவர் எந்தத் தீர்ப்பைக் கூறினாலும், முதலில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இதன் சுமையைத் தாங்குபவர் யார்? அவரைக் கேட்டார்களா? மான்செஸ்டரின் பசித்த தொழிலாளிகள் இதைக் கேட்டனர். திண்டுக்கல்லின் பெண்கள் இதைக் கேட்டனர். அந்தச் சிறுமி என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. அவளும் அவள் அக்காளும் நாமும் சேர்ந்து, சங்கத்திலும் மன்றத்திலும் தேடிக் கொடுக்க வேண்டிய விடை அது.